கத்தரிக்குக் காது கிடையாது

தபால்காரர் எங்கள் கட்டடத்தின் வாசற்கதவைத் தொடுவதற்குள் எர்லீன் டகெட் மேல்மாடியிலிருந்து இறங்கிவிடுவார். நடந்து இறங்குவதில்லை. பதினெட்டு மரப்படிகளையும் ஒரு தாளக்கட்டாக்கிக்கொண்டு வருவார்: இரண்டு, இரண்டு, மூன்று, ஒரு தாவல். கடைசிப் படியில் நின்று கையை நீட்டிக் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி.

"வந்தேனா?"

தபால்காரருக்குப் பழகிப்போய்விட்டது. அட்டைகளை வழியிலேயே படித்துவிட்டுத்தான் வருவார்.

"ஜார்ஜியா சித்தி வீட்டுப் பக்கம் வரலைம்மா. ஒஹையோவுல வந்திருக்கீங்க."

"ஒஹையோவுல வராம என்ன? அங்க கழுதை ஆடினாக்கூட முழுசாக் காட்டுவான்," என்று அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு, அதே தாளத்தில் மேலே ஏறிவிடுவார்.

எர்லீன் டாப் ஆட்டக்காரர். காலணியின் அடியில் உலோகத் தகடு பதித்து, நிற்கிற தரையையே மத்தளமாக்கும் ஆட்டம் அது. வயது நாற்பத்து நான்கு. ஸ்டுடியோவில் கேட்டால் முப்பத்தாறு. குள்ளமான உருவம், அகன்ற தோள், சைக்கிள்காரரின் கெண்டைக்கால். பாட்டும் கூத்தும் பளபளப்புமாக ஹாலிவுட் செய்து அனுப்பும் படங்களில், போன வருடம்வரை, பதினான்கில் அவரும் தம்பி வெண்டெல்லும் ஜோடியாக ஆடியிருக்கிறார்கள். இருவரும் திரையில் தெரிந்த நேரம் மொத்தம் முப்பத்தேழு நிமிடம். இந்தக் கணக்கு எர்லீனே கடிகாரம் வைத்துப் பார்த்தது. பணிப்பெண்ணாக வந்து "சரிங்கம்மா" என்று சொன்ன ஐந்து படங்களை அவர் இதில் சேர்ப்பதில்லை. "அது நான் இல்லை, தட்டு. தட்டுக்குக் கீழ ஒரு ஆள் வேணுமேன்னு என்னை நிக்க வெச்சாங்க," என்பார்.

வடக்கே ஒஹையோவிலும் தென்மாநிலங்களிலுமாகப் பதினொரு ஊர்களில் அவருக்கு உறவுக்காரர்கள் உண்டு. எர்லீன் ஆடிய படம் தங்கள் ஊருக்கு வந்ததும் போய்ப் பார்த்துவிட்டு ஒரு தபால் அட்டையில் ஒரே ஒரு சொல் எழுதிப் போட வேண்டும் என்பது குடும்பக் கட்டளை. "வந்தே" என்று எழுதினால் ஆட்டம் இருந்தது என்று பொருள். "வரலை" என்று எழுதினால் வெட்டிவிட்டார்கள். வருகிற அட்டைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

வெட்டுவது சுலபம். வெட்டுவதற்கு வாகாகத்தான் எடுக்கவே செய்கிறார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு கேளிக்கை விடுதிக்கு வந்து உட்காருவார்கள். "அட, இவங்க நல்லா ஆடுவாங்களே" என்பான் கதாநாயகன். எர்லீனும் வெண்டெல்லும் வந்து மூன்று நிமிடம் தரையைத் தீப்பிடிக்க வைப்பார்கள். கைதட்டல். போய்விடுவார்கள். அதற்குமுன் அவர்களுக்குப் பெயர் இல்லை, அதற்குப்பின் அவர்களைப் பற்றிப் பேச்சும் இல்லை. தெற்கே ஏதோ ஓர் ஊரில், படங்களைப் பார்த்துத் தணிக்கை முத்திரை குத்தும் கனவான் கத்தரியை எடுத்து அந்த மூன்று நிமிடத்தை நறுக்கிவிட்டு இரு முனைகளையும் ஒட்டிவிட்டால் போதும், கதைக்கு ஒரு கீறலும் விழாது. கறுப்பர் தட்டேந்தி வந்தால் வெட்டு இல்லை. தட்டில்லாமல் வந்தால் வெட்டு. பட்டுச் சட்டை போட்ட ஒரு கறுப்பினப் பெண் நன்றாக ஆடுவதை மூன்று நிமிடம் பார்த்தால் ஓர் ஊரின் ஒழுங்கு இடிந்துவிழும் என்றால், அந்த ஊரின் அஸ்திவாரத்தில் என்ன போட்டுக் கட்டினார்கள் என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

எர்லீன் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார். "நம்மளக் கதையில தைக்க மாட்டாங்க. குண்டூசியில குத்தி வெச்சிருப்பாங்க. இழுத்தா வந்துடும்."

இத்தனைக்கும் கனவான்களின் கண்ணுக்கு எட்டாமல் எர்லீன் எல்லா ஊருக்கும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார். ஆட்டத்தைப் படம் பிடிக்கும்போது காலடி ஓசையைப் பதிவதில்லை. பிறகு ஓர் அறையில் படத்தை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே ஒருவர் பலகையின்மேல் தட்டித் தட்டி ஓசையைச் சேர்க்க வேண்டும். பேர்பெற்ற வெள்ளைக்கார நட்சத்திரம் ஒருவருக்கு ஆறு படங்களாக அந்த ஓசை எர்லீனின் ஓசைதான். திரையில் அவர் ஆடுகிறார், காதில் இவர் ஆடுகிறார். படத்தின் முகப்பில் தையற்காரர் பெயர் வரும், பூ அலங்காரம் செய்தவர் பெயர் வரும், இவர் பெயர் வராது. எர்லீன் அதற்கு ஒருநாளும் அழுததில்லை. "எந்த ஊர்ல என்னை வெட்டினானோ, அதே ஊர்ல அந்தம்மா கால் வழியா நான் தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். கத்தரிக்குக் காது கிடையாது," என்று சொல்லிச் சிரிப்பார்.

எந்தத் தரையில் நின்றாலும் குதிகாலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். வங்கி, இறைச்சிக்கடை, பல் வைத்தியர் அறை, எதுவும் விலக்கல்ல. "செத்த தரை," என்பார் வங்கியில், காசாளருக்குக் கேட்கும்படி. எங்கள் மக்கள் குடியிருக்கும் சென்ட்ரல் அவென்யூ முழுவதிலும் உயிருள்ள தரைகள் மூன்றுதான் என்பது அவர் தீர்ப்பு. அதில் ஒன்று கெளுத்தி மீன் பொரித்து விற்கும் கடை. அங்கே வரிசையில் நிற்கும்போது கால் சும்மா இருக்காது. கடைக்காரர் சத்தம் போடுவார்: "எர்லீன், மீன் பயந்து எண்ணெய்ல இருந்து குதிக்குது!" "குதிக்கட்டும். உங்க எண்ணெய்ல எவ்வளவு நாள்தான் இருக்கும்?" என்று பதில் வரும்.

ஒப்பனை அறையில் சீழ்க்கையடித்தால் வேலை போய்விடும் என்பது ஆட்டக்காரர்கள் அத்தனை பேருடைய நம்பிக்கை. எர்லீன் உள்ளே நுழைந்ததும் முதலில் சீழ்க்கைதான் அடிப்பார். வெண்டெல் காதைப் பொத்திக்கொள்வார். "அக்கா, வேண்டாம்க்கா!" "சீழ்க்கையடிக்காத படத்துல மட்டும் நம்மள வெட்டாம விட்டானாடா? எவன் வெட்டினான்னு தெரிஞ்சும் சீழ்க்கை மேல பழி போடறியே." ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், இவ்வுலகில் பொறுத்துக்கொண்டால் சொர்க்கத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காரலாம் என்று ஆறுதல் சொன்னார். எர்லீன் மரியாதையாகவே கேட்டார்: "ஐயா, உள்ள போறது முன்வாசல் வழியா, பக்கவாட்டு மாடிப்படி வழியான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?"

அந்தப் பக்கவாட்டு மாடிப்படிதான் போன வருடம் முழுவதும் அவர் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. டென்னசியில் பெல்ஃபோர்ட் என்று ஒரு சிறு ஊர். அங்கே எழுபத்தோரு வயது ஒடெல்லா அத்தை இருக்கிறார். தாயில்லாத எர்லீனையும் வெண்டெல்லையும் ஊரார் துணியை வெளுத்து வளர்த்தவர். அந்த ஊரின் ஒரே தியேட்டரில் எங்கள் மக்களுக்கு மேல்தளம் மட்டும்தான். அதற்குக் கட்டடத்தின் பக்கவாட்டில் ஐம்பத்திரண்டு படி ஏற வேண்டும். பதினான்கு படத்துக்கும் அத்தை ஏறினார். பதினான்கு முறையும் "வரலை" என்று எழுதினார். மருமகள் திரையில் ஆடி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பதினைந்தாவது படம் எடுக்கத் தொடங்கியபோது அட்டையில் வழக்கத்துக்கு மாறாக இரண்டு வரி இருந்தது: "முட்டி போச்சு. இன்னும் ஒரு தடவதான் ஏறுவேன்."

எர்லீன் அதைப் படித்துவிட்டு, "இந்தத் தடவ தைச்சுடணும்டா வெண்டெல்," என்றார்.

வாய்ப்பு பொன்னுக்கு வீங்கி வடிவத்தில் வந்தது. கதைப்படி, கதாநாயகன் யாரிடமும் சொல்லாமல் மறுநாள் ரயிலில் ஊரைவிட்டுப் போகப்போகிறான். டிக்கெட்டைத் தொப்பிக்குள் செருகி வைத்திருக்கிறான். விடுதியில் பரிமாறுகிறவன் தெரியாமல் தொப்பியைத் தட்டிவிட, டிக்கெட்டைக் கதாநாயகி பார்த்துவிட வேண்டும். பார்த்தால்தான் அவள் ரயிலடிக்கு ஓடுவாள். ஓடினால்தான் படம் முடியும். பரிமாறுகிறவனாக நடிக்க வேண்டியவருக்கு அன்று காலை கன்னம் இரண்டும் பூசணியாக வீங்கிவிட்டது. இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்," என்றார் எர்லீன், முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு. "நாங்கதான் அந்த மேசைகிட்டயே ஆடறோமே. ஆடிக்கிட்டே தொப்பிய எடுத்துக் கதாநாயகியம்மா தலையில வெச்சுட்டா? டிக்கெட் வெளிய விழுந்துடும்."

இயக்குநர் துள்ளி எழுந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது அவருடைய யோசனையாகவே மாறிவிட்டது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்தார்.

"தலையில வைக்கறதா? இவ கை அவங்க தலையில படுமே சார்! தெற்குல ஒரு தியேட்டர்லயும் ஓட விட மாட்டான்."

கவனியுங்கள். அந்தக் கதாநாயகியின் வீட்டில் அவர் தின்னும் ரொட்டிக்கு மாவு பிசைகிறவரும், அவர் குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டுகிறவரும் எங்கள் தெருப் பெண்தான். அந்தக் கையில் தீட்டில்லை. விளக்கு வெளிச்சத்தில், நல்ல சட்டைக்குள்ளிருந்து, சமமாக நீளும் கைக்குத்தான் தீட்டு. தீண்டாமைக்கு எந்த நாட்டிலும் மூளை இருந்ததில்லை. வசதி மட்டும் இருந்திருக்கிறது.

எர்லீன் சண்டைக்குப் போகவில்லை. அலுவலகத்து ஆளைப் பார்த்து, மிகுந்த பணிவோடு சந்தேகம் கேட்டார்.

"கைதானே சார் படக் கூடாது? காலு?"

"கால் எப்படிப் படும்?"

"படாது சார். தொப்பியிலதான் படும். எத்தினா தொப்பி மேசையில போய் விழும்."

ஒருநாள் அவகாசம் கொடுத்தார்கள். அன்று பிற்பகல் முழுவதும் எங்கள் கட்டடத்தில் யாரும் வானொலி கேட்க முடியவில்லை. மேலே 'பொத்', 'பொத்' என்று ஒரே சத்தம். இருந்த தொப்பிகளையெல்லாம் வாடகைக்காரர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் தொப்பி கால்கட்டைவிரல் பதிந்த பள்ளத்தோடு திரும்பி வந்தது. வெண்டெல் ஒரு மேசைக்குப் பின்னால் கதாநாயகியாக உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மூக்குல அடிக்குதுக்கா!"

"கதாநாயகி மாதிரி உட்காருடா. அவ மூக்க இப்படியா நீட்டிக்கிட்டு இருப்பா?"

பன்னிரண்டடி தூரம். ஒரு சுற்றுச் சுழன்று, தரையில் கிடக்கும் தொப்பியை இடது கால் நுனியால் எத்த வேண்டும்; அது காற்றில் ஒருமுறை புரண்டு, வாய் மேலாக மேசையில் வந்து உட்கார வேண்டும்; உள்ளே இருக்கும் டிக்கெட் எட்டிப் பார்க்க வேண்டும். மறுநாள் ஸ்டுடியோவில் ஏழாவது தடவை சரியாக விழுந்தது. மேடை வேலையாட்கள்கூடக் கைதட்டினார்கள் என்று வெண்டெல் சொன்னார்.

அத்தோடு எர்லீன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆட்டக்காரரின் பலவீனம் அவரையும் விடவில்லை. அன்று அவர் காலில் இருந்தது புத்தம்புதிய வெள்ளிநிற ஷூ.

"சார், காலை மட்டும் ஒரு தடவ கிட்ட வெச்சு எடுங்க சார். புது ஷூ."

சந்தோஷத்தில் இருந்த இயக்குநர் அதையும் எடுத்தார். திரை முழுக்க ஒரு ஷூ, ஒரு எத்து, தொப்பி பறக்கிறது. எர்லீன் அன்று தெரு முழுக்கப் பெருமையடித்தார். "கதாநாயகிக்கு மூஞ்சியத்தான் கிட்ட எடுப்பான். எனக்குக் காலையே எடுத்திருக்கான்!"

படம் ஏப்ரலில் வெளிவந்தது. ஆட்டத்தை எடுத்துவிட்டால் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லையென்றால் அந்தப் பெண் எதற்கு மழையில் நனைந்துகொண்டு ரயிலடிக்கு ஓடுகிறாள் என்று ஒருவனுக்கும் விளங்காது. மே மாதத்தில் அட்டைகள் வரத் தொடங்கின. ஜார்ஜியாவிலிருந்து "வந்தே". அலபாமாவிலிருந்து "வந்தே". மிசிசிப்பியிலிருந்து "வந்தே", பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. எர்லீன் படியிறங்கும் தாளமே மாறிவிட்டது. பெல்ஃபோர்ட் மட்டும் பாக்கி.

ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் தபால்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வந்தேனா?"

"தெரியலைம்மா. நீங்களே பாருங்க."

ஒடெல்லா அத்தையின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: "வந்துச்சு."

எர்லீன் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார், தள்ளி வைத்துப் படித்தார். "என்ன 'வந்துச்சு'? நான் என்ன ஆடா, மாடா? மழையா?"

"படம் ஊருக்கு வந்துச்சுன்னு எழுதியிருக்காங்க போல," என்றார் தபால்காரர்.

"படம் வந்ததச் சொல்லவா ஐம்பத்திரண்டு படி ஏறினாங்க?"

"தொப்பி வந்துச்சோ என்னவோ," என்றார் வெண்டெல். "அத்தைக்கு அவசரம்க்கா. கை நடுங்கியிருக்கும். 'வந்தே'ன்னு எழுத வந்து..."

"எங்க அத்தை தப்பா எழுதினதே கிடையாது. சலவைத் துணியில ஊருக்கே பேர் எழுதினவங்க."

நான்கு நாட்கள் அந்த ஒரு சொல்லை வைத்துக் கட்டடமே இலக்கண விசாரணை நடத்தியது. எர்லீன் சரியாகச் சாப்பிடவில்லை. உப்பு வெந்நீரில் கால் ஊறப் போட்டுக்கொண்டு பேஸ்பால் வர்ணனை கேட்கும் வழக்கமுண்டு. அந்த வாரம் வானொலி ஓடியது, எந்த அணி ஆடுகிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை கடிதம் வந்தது. நான் வெளியே போய்விட்டுத் திரும்பி, அறைச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப் படியேறும்போது, மேலே கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு எர்லீன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். வெண்டெல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"'கண்ணு எர்லீன், அட்டையில இடம் பத்தலை, அதனாலதான் கடுதாசி. இந்த ஊர்க் கத்தரிக்காரன் சாமர்த்தியக்காரன். நீங்க ரெண்டு பேரும் உள்ள வர்றதுக்கு முன்னாடியே வெட்டிட்டான். ஆட்டம் வரலை, கைதட்டலும் வரலை. ஆனா டிக்கெட் வேணுமே, அதுக்காக ஒரே ஒரு துண்டை விட்டு வெச்சிருக்கான். ஒரு கால் வந்துச்சு. கணுக்காலுக்கு மேல ஒண்ணுமில்லை. தொப்பிய எத்துச்சு, போயிடுச்சு.'"

எர்லீன் நிறுத்தினார். வெண்டெல் மெதுவாகச் சொன்னார்: "புது ஷூ. கிட்ட வெச்சு எடுங்க சார்."

"வாய மூடுடா."

"கத்தரிக்காரன் கையில நீயேதான் எடுத்துக் குடுத்திருக்கே அக்கா. அந்தத் துண்டு இல்லைன்னா அவன் முழு ஆட்டத்தையும் விட்டிருக்கணும்."

"தெரியுது. மூடு."

அவர் முகம் ஒரு கணம் நாற்பத்து நான்கு வயதையும் காட்டியது. பிறகு மீதியைப் படித்தார்.

"'மேல் தளத்துல ஒருத்தருக்கும் அது யாரு கால்னு தெரியலை. எனக்குத் தெரியாதா? அந்தக் காலுக்கு நான் பதினாறு வருஷம் ஷூ வாங்கியிருக்கேன். இடது கணுக்கால் உள்பக்கமா வளைஞ்சது, உங்க அம்மாவுக்கும் அப்படித்தான். எழுந்து நின்னு, அது எங்க எர்லீன்னு கத்திட்டேன். அவ்வளவுதான், மேல இருந்த எல்லாரும் காலால தரைய மிதிச்சாங்க பாரு, கீழ உட்கார்ந்திருந்தவங்க கூரை விழுதுன்னு பாதிப் பேர் வெளிய ஓடிட்டாங்க. நான் இனிமே ஏற மாட்டேன்னு எழுதினேன் இல்ல? அத விட்டுடு. கால் பார்த்தாச்சு. மிச்சத்தையும் பார்க்காம இந்த முட்டிய ஓய்வெடுக்க விடறதா இல்லை.'"

கடிதத்தை மடித்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. குதிகால் மட்டும் தரையை ஒருமுறை தட்டியது.

"டேய், திங்கட்கிழமை கூப்பிட்டிருக்காங்கன்னு சொன்னியே, புதுப் படம். என்ன கதை?"

"கப்பல்ல நடக்குதாம். நாம நடுவுல ஒரு ஆட்டம். வழக்கம்போலத்தான்."

"அந்தக் கதையில என்ன தொலையுது?"

"எது தொலையுதுன்னா?"

"ஒவ்வொரு படத்துலயும் ஏதாவது ஒண்ணு தொலையும்டா. தொலைஞ்சாத்தான் கதை. இதுல என்ன?"

வெண்டெல் யோசித்தார். "சாவி. யாரோட பெட்டிச் சாவியோ காணாமப் போகுது. ஏன்?"

எர்லீன் வாசலில் நின்ற என்னை அப்போதுதான் பார்த்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க," என்று என் கையிலிருந்து அறைச் சாவியைப் பறித்துக்கொண்டார். திருப்பிக் கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. சாவியின் தண்டைப் பற்களுக்கிடையே கவ்விக்கொண்டார். கைகளை விரித்தார். நாற்காலியை இடுப்பால் தள்ளினார். ஒரு சுற்று, ஒரு தாவல், மூன்று தட்டு. கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது.

"அக்கா," என்றார் வெண்டெல், கவலையோடு. "இதையும்தான் வெட்டுவான். சாவிய மட்டும் கிட்ட வெச்சு எடுத்துட்டா?"

எர்லீனால் பதில் சொல்ல முடியாது. தம்பியின் முகத்துக்கு நேராகச் சாவியையும் அதோடு தன் முகத்தையும் கொண்டுவந்து நிறுத்தி, சாவியைக் கடித்தபடியே, பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார்.